மறுபக்கத்துப் பாட்டுக்காரர்

என்னிடம் ஒரு பழைய 45 ஆர்.பி.எம். இசைத்தட்டு இருக்கிறது. கொலம்பியா கம்பெனியின் சிவப்பு லேபிள். வேலை நிமித்தமாக கான்சாஸ் மாநிலத்து ஓவர்லாந்து பார்க்கில் இருந்தபோது, பக்கத்து கான்சாஸ் சிட்டியில் ஒரு பழைய ரெக்கார்டு கடையில் மூன்று டாலருக்கு வாங்கியது. முன்பக்கம் 'மிஸ்டர் டம்போரின் மேன்'. பாப் டிலன் எழுதி, பேர்ட்ஸ் குழு பாடி, 1965 ஜூன் மாதம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன பாட்டு. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஆசைதீரத் தேய்த்திருக்கிறார். அந்தப் பக்கம் முழுக்கக் கீறல். ஊசியை வைத்தால் கடுகு வெடிக்கிற சத்தம். திருப்பிப் போட்டால் மறுபக்கம் புதுசு மாதிரிப் பளபளக்கிறது. அறுபது வருடமாக யாரும் அதைத் திருப்பிப் போடவே இல்லையோ என்று தோன்றும். அங்கே 'ஐ நியூ ஐட் வான்ட் யூ' என்று ஒரு சின்னப் பாட்டு. தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் ஜி. கிளார்க்.

அந்தப் பொடி எழுத்துக்காரர்தான் ஜீன் கிளார்க்.

அவர் எனக்கு அறிமுகமானது இந்தத் தட்டில் இல்லை. 2007இல் லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டும், புளூகிராஸ் பாடகி அலிசன் கிராஸும் சேர்ந்து 'ரெய்சிங் சாண்ட்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். பின்னால் கிராமி எல்லாம் வாங்கியது. அதில் இரண்டு பாட்டு என்னை விடவே இல்லை. இரண்டும் மெதுவாக, தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் நகரும். யார் எழுதியது என்று சிடி உறையைப் பிரித்துப் பார்த்தால், இரண்டுக்கும் அதே பெயர். அப்புறம் அந்த மனிதரைத் தேடிக்கொண்டு போனதில், எங்கே போனாலும் அவருடைய பெயர் இப்படிப் பொடி எழுத்தில்தான் கிடைத்தது. பாட்டு பிரபலமாக இருக்கும், பாடியவர் பிரபலமாக இருப்பார், எழுதியவர் அடைப்புக்குறிக்குள் இருப்பார்.

இந்தப் பொடி எழுத்துக்கு ஒரு விலை உண்டு. கிளார்க்கின் கதை முழுக்க அந்த விலையைச் சுற்றித்தான் ஓடுகிறது என்பது என் கட்சி. அதனால் முதலில் கணக்கு.

அமெரிக்காவில் ஒரு இசைத்தட்டு விற்றால் அதில் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் எழுத்து உரிமையாக இத்தனை சென்ட் என்று சட்டமே போட்டிருந்தது. 1909இல் வைத்த ரேட்டு இரண்டு சென்ட். 1978 வரைக்கும் அதே இரண்டு சென்ட்தான். இதில் கவனிக்க வேண்டியது, சட்டத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதம் தெரியாது. 45 தட்டில் முன்னால் ஒரு பாட்டு, பின்னால் ஒரு பாட்டு. முன்பக்கத்துக்காகத்தான் ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள். ஆனால் பின்பக்கத்துப் பாட்டை எழுதியவருக்கும் அதே இரண்டு சென்ட் விழும். பத்து லட்சம் தட்டு போனால் 20,000 டாலர். பாதி பப்ளிஷருக்குப் போனாலும் மீதி 10,000. அந்தக் காலத்தில் ஒரு புது ஃபோர்டு மஸ்டாங் காரின் அடிப்படை விலை 2,368 டாலர்.

பாடுகிறவர்களின் கதை வேறு. அவர்களுக்கும் ராயல்டி உண்டு, ஆனால் ஸ்டூடியோ வாடகை, வாத்தியக்காரர் சம்பளம், முன்பணம் எல்லாவற்றையும் கம்பெனி கழித்துக்கொண்ட பிறகு மிஞ்சினால் உண்டு. எழுதியவரின் காசில் அந்தக் கழிவு கிடையாது. நேராக வீட்டுக்கு வரும்.

இப்போது பேர்ட்ஸ் குழுவின் முதல் மூன்று தட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். 'மிஸ்டர் டம்போரின் மேன்' பின்னால் கிளார்க் எழுதியது. அடுத்தது 'ஆல் ஐ ரியலி வான்ட் டு டூ', அதன் பின்னால் 'ஐல் ஃபீல் எ ஹோல் லாட் பெட்டர்', அதுவும் கிளார்க். மூன்றாவது 'டர்ன்! டர்ன்! டர்ன்!', இதுவும் முதலிடம். பின்னால் 'ஷீ டோன்ட் கேர் அபவுட் டைம்', மறுபடி கிளார்க். முன்பக்கத்தில் டிலன், டிலன், பீட் சீகர். பின்பக்கம் முழுக்க ஒரே ஆள். ஐந்து பேர் குழுவில் ஒருவருக்கு மட்டும் தபாலில் செக் வருகிறது. அந்த ஒருவர் அந்தக் காசில் ஒரு ஃபெராரி வாங்கி, அதை ஓட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வருகிறார். மற்ற நாலு பேருக்கும் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த ஒருவருக்கு அப்போது வயது இருபது. ஹெரால்ட் யூஜின் கிளார்க், 1944 நவம்பர் 17இல் மிசௌரி மாநிலத்து டிப்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். பதின்மூன்று பிள்ளைகளில் மூன்றாவது. அப்பா கிட்டார் வாசிப்பார், பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்தார். கான்சாஸ் சிட்டிப் பக்கம் வளர்ந்து, நாட்டுப்பாடல் குழு ஒன்றில் பாடிக்கொண்டிருந்தவரை 1963இல் நியூ கிறிஸ்டி மின்ஸ்ட்ரல்ஸ் அள்ளிக்கொண்டு போனது. அது ஒரு பெரிய கம்பெனிக் குழு. ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரி சிரிப்பு, ஊர் ஊராகக் கச்சேரி. நாட்டுப்பாடலை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுக்கிற வேலை. கூட்டத்தில் ஒருவராகப் பின்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்த கிளார்க், வர்ஜினியாவில் நார்ஃபோக் என்ற ஊரில் ஒரு ஜூக்பாக்ஸில் பீட்டில்ஸைக் கேட்டார். 'ஷீ லவ்ஸ் யூ'. அந்த ஊரில் இருந்த இரண்டு நாளில் நாற்பது தடவை காசு போட்டுக் கேட்டிருப்பேன் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். இதுதான் எதிர்காலம் என்று முடிவுகட்டி, வேலையை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வண்டி ஏறினார்.

அங்கே ட்ரூபடூர் என்ற கிளப்பில் ஒருவர் பன்னிரண்டு தந்தி கிட்டாரில் பீட்டில்ஸ் பாட்டை நாட்டுப்பாடல் மெட்டில் பாடிக்கொண்டிருந்தார். நாட்டுப்பாடல் ஆசாமிகள் அதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். கிளார்க் மட்டும் போய், நாம் சேர்ந்து பாடலாமா என்று கேட்டார். அவர்தான் ஜிம் மெக்குயின், பிற்பாடு ரோஜர் மெக்குயின். இரண்டு பேரும் பாடிக்கொண்டிருக்கும்போது டேவிட் கிராஸ்பி வந்து மூன்றாவது குரலைச் சேர்த்தார். அப்புறம் பாஸ் கிட்டாருக்கு கிறிஸ் ஹில்மன், டிரம்ஸுக்கு மைக்கேல் கிளார்க். இந்தக் கிளார்க்குக்கும் அந்தக் கிளார்க்குக்கும் உறவு இல்லை. டிரம் வாங்கக் காசில்லாமல் இவர் முதலில் அட்டைப்பெட்டிகளைத் தட்டிப் பழகினார்.

நாட்டுப்பாடலின் சொல்லும் ராக்கின் தாளமும் கலந்த 'ஃபோக் ராக்' என்ற பெயர் பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்தது இவர்களால்தான். எல்லாரும் அதற்கு மெக்குயினின் கிட்டாரையும் டிலனின் பாட்டையும் காரணமாகச் சொல்வார்கள். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். பன்னிரண்டு தந்தியின் மினுமினுப்புக்கு நடுவில் ஒரு இருட்டு வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் கிளார்க். அவர் பாட்டுகள் எல்லாமே மைனர் கார்டுகள் என்ற சோகமாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களின் பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும்; வெயிலில் நடக்கிறவன் நிழல் தேடி ஓரமாகப் போவதைப் போல.

'ஐல் ஃபீல் எ ஹோல் லாட் பெட்டர்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். இரண்டரை நிமிடம். கிட்டார் துணுக்கு சர்ச்சர்ஸ் என்ற ஆங்கிலக் குழுவிடமிருந்து வந்தது; கிளார்க்கே ஒப்புக்கொண்டிருக்கிறார். உன்னை விட்டுப் போகிறேன், நீ போனால் எனக்கு நிம்மதி என்று காதலியிடம் வீராப்பாகச் சொல்கிற பாட்டு. கேட்கத் துள்ளலாக இருக்கும். ஆனால் பல்லவியில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. நீ போய்விட்டால் நிம்மதி என்று சொல்லவில்லை, 'அனேகமாக' நிம்மதி என்கிறார். அந்த 'அனேகமாக'வை எடுத்துவிட்டால் அது ரேடியோவில் வந்துபோகிற ஆயிரத்தில் ஒரு பாட்டு. அது இருப்பதால் அத்தனை வீராப்பும் பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது. இருபது வயதுப் பையனுக்கு அந்தச் சொல்லை அங்கே போடத் தோன்றியிருக்கிறதே!

'டர்ன்! டர்ன்! டர்ன்!' தட்டின் பின்பக்கத்தில் இருந்த 'ஷீ டோன்ட் கேர் அபவுட் டைம்' நடுவில், பாக் என்ற பழைய ஜெர்மன் இசைமேதையின் தேவாலய மெட்டு ஒன்றை மெக்குயின் கிட்டாரில் வாசிப்பார். குழு செய்த மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று. அதை ஆல்பத்தில் சேர்க்கவில்லை. இடம் இல்லையாம். அந்த ஆல்பத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதைவிடச் சுமாரான சரக்குக்கெல்லாம் அதில் இடம் இருந்தது.

மேடையில் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஆரம்பத்தில் கிளார்க் ரிதம் கிட்டார் வாசித்தார். உனக்குத் தாளம் சரியில்லை என்று கிராஸ்பி சொல்லிச் சொல்லி அந்தக் கிட்டாரைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். குழுவின் முக்கியப் பாடலாசிரியர், ஆறடிக்கு மேல் உயரமான அழகன், மேடை நடுவில் ஒரு டம்போரினைத் தட்டிக்கொண்டு நின்றார். பழைய தொலைக்காட்சிப் பதிவுகளில் பார்க்கலாம். கல்யாண வீட்டில் எந்த வேலையும் ஒதுக்கப்படாத மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பார். வாயைத் திறந்தால்தான் ஆள் மாறும்.

இந்தியச் சங்கதி ஒன்று இங்கே இருக்கிறது. குழுவின் மேனேஜர் ஜிம் டிக்சன், வேர்ல்டு பசிஃபிக் என்ற ஸ்டூடியோவில் ராத்திரி நேரத்தில் இவர்களை இலவசமாக ஒத்திகை பார்க்க விட்டார். ரவிசங்கரின் இசைத்தட்டுகளை அமெரிக்காவில் கொண்டுவந்த கம்பெனி அது. சிதார் அந்தச் சுவர்களுக்குப் பழக்கம். 1965 நவம்பரில் குழு வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனபோது, ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனும் ரவிசங்கரும் பதிவான ஒரு டேப்பைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். அந்தப் பயணத்தில்தான் கிளார்க் ஒரு பாட்டை எழுதத் தொடங்கினார். சில மாதம் முந்தி லண்டனுக்கு விமானத்தில் போனது, அங்கே கிடைத்த குளிர்ந்த வரவேற்பு, மழை. விமானம் பறந்தது ஆறேழு மைல் உயரம். காதுக்கு எட்டு நன்றாக இருந்தது. 'எய்ட் மைல்ஸ் ஹை'.

கோல்ட்ரேனின் சாக்ஸபோனைக் கிட்டாரில் கொண்டுவர மெக்குயின் பாடுபட்ட அந்தப் பாட்டு 1966 மார்ச்சில் வெளியானது. போதையைப் பற்றிய பாட்டு என்று வானொலி நிலையங்களுக்கான ஒரு செய்தியிதழ் கொளுத்திப்போட, பல நிலையங்கள் கைகழுவிவிட்டன. பதினான்காம் இடத்தோடு நின்றது. ஆசிரியர் பெயர்கள் கிளார்க், மெக்குயின், கிராஸ்பி. யார் எவ்வளவு எழுதினார்கள் என்று மூன்று பேரும் காலமெல்லாம் சண்டை போட வேண்டிய விஷயம் அது, போட்டார்கள். நான் முதலில் திருப்பிப் பார்த்தது அந்தத் தட்டின் மறுபக்கத்தைத்தான். அங்கே இருந்தது மெக்குயினும் கிராஸ்பியும் சேர்ந்து எழுதிய பாட்டு. பின்பக்கம் கை மாறிவிட்டது.

பாட்டு கடைக்கு வரும்போது கிளார்க் குழுவில் இல்லை. வானத்தில் பறப்பதைப் பற்றி எழுதியவருக்குப் பறக்கப் பயம். சிறுவயதில் ஒரு விமான விபத்தைக் கண்ணால் பார்த்தவர் என்று சொல்வார்கள். நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக லாஸ் ஏஞ்சல்ஸில் விமானம் ஏறி உட்கார்ந்தவர், அது கிளம்புவதற்கு முன்னால் உடம்பெல்லாம் நடுங்கி, இறங்கிப் போய்விட்டார். பறக்க முடியாவிட்டால் நீ எப்படிப் பறவையாக இருப்பாய் என்று மெக்குயின் சொன்னதாக ஒரு வாசகம் உண்டு. குழுவின் பெயரை வைத்து நல்ல சிலேடை. அந்த நேரத்தில் அதைக் கேட்டவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. பயம் மட்டும் காரணமில்லை; அந்தச் செக்குகள் ஊட்டி வளர்த்த மனக்கசப்பும் சேர்ந்துதான் அவரை இறக்கிவிட்டது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. பாட்டுத் தொழிலில் தட்டு விற்க வேண்டுமானால் பாடகர் ஊர் சுற்ற வேண்டும். ஐம்பது ஊரில் கச்சேரி செய்தால்தான் ஐம்பது ஊர் ரேடியோவில் போடுவார்கள். கிளார்க்குக்கு விமானம் ஆகாது, கூட்டம் ஆகாது. வேறொருவராக இருந்தால் சோற்றுக்காகவாவது பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பார். இவருக்கு அந்த அவசியத்தையும் காலம் வைக்கவில்லை. எப்போது கை வறண்டாலும் எங்கிருந்தாவது இரண்டு சென்ட் பாட்டு ஒன்று காசு கொண்டுவந்து கொட்டியது. அதனால் வீட்டிலேயே இருந்தார். வீட்டில் இருந்ததால் நல்ல பாட்டு எழுதினார். வீட்டில் இருந்ததால் அவை விற்கவில்லை.

1967 பிப்ரவரியில் முதல் தனி ஆல்பம், காஸ்டின் சகோதரர்களோடு. கொலம்பியா கம்பெனி அதே மாதம் பேர்ட்ஸின் புது ஆல்பத்தையும் வெளியிட்டது. ஒரே கடையில் ஒரே அலமாரியில் இரண்டும். எது விற்றிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? இந்த யோசனை யாருக்கு வந்ததோ. அதே வருடம் அக்டோபரில் கிராஸ்பியை வெளியேற்றிவிட்டு பேர்ட்ஸ் மறுபடி கிளார்க்கைக் கூப்பிட்டது. மூன்று வாரம் தாங்கினார். மறுபடி விமானம், மறுபடி நடுக்கம்.

அப்புறம் பான்ஜோ கலைஞர் டக் டில்லர்டோடு சேர்ந்து 1968இலும் 1969இலும் இரண்டு ஆல்பம். பிளான்ட்டும் கிராஸும் எடுத்துப் பாடிய இரண்டு பாட்டும் அந்த இரண்டாவது ஆல்பத்தில் உள்ளவைதான். முதல் ஆல்பத்தில் கிளார்க்கோடு ஒரு பாட்டைச் சேர்ந்து எழுதிய பெர்னி லீடன், பிறகு ஈகிள்ஸ் குழுவுக்குப் போகும்போது அந்தப் பாட்டையும் கொண்டுபோய் அவர்களுடைய முதல் ஆல்பத்தில் வைத்தார். ஈகிள்ஸ் கோடி கோடியாக விற்றது. அந்த வழியாகவும் கிளார்க்குக்கு இரண்டு சென்ட்.

1969இல் இன்னொரு அதிர்ஷ்டம். பேர்ட்ஸ் குழு உருவாவதற்கு முன்னால் மெக்குயினோடு சேர்ந்து எழுதிப் பெட்டியில் போட்டிருந்த 'யூ ஷோட் மீ' என்ற பாட்டை டர்ட்டில்ஸ் குழு எடுத்துப் பாடி ஆறாம் இடத்துக்குக் கொண்டுபோனது. அசலில் அது வேகமான பாட்டு. டர்ட்டில்ஸுக்கு அதை வாசித்துக் காட்டியவரின் கால்துருத்தி ஆர்கன் பழுதாகி இருந்ததால் மெதுவாகத்தான் வாசிக்க முடிந்ததாம். அந்த மெது நடையே நன்றாக இருக்கிறதென்று அப்படியே பதிவு செய்துவிட்டார்களாம். ஓட்டைத் துருத்தி ஒன்று கிளார்க்குக்கு மூன்று நான்கு வருடம் சோறு போட்டது. அந்தக் காசை வைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸை விட்டுக் கிளம்பி, வடக்கு கலிஃபோர்னியாவில் மென்டசினோ கடற்கரைப் பக்கம் குடியேறினார். கல்யாணம், இரண்டு ஆண் குழந்தைகள், ஜன்னலுக்கு வெளியே பசிபிக்.

அங்கிருந்து வந்தது 1971இல் 'ஒயிட் லைட்'. கிட்டார், மௌத் ஆர்கன், குரல், அதிகம் போனால் பின்னால் கொஞ்சம் தாளம். அட்டையில் தலைப்பே கிடையாது. சூரியனை மறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு உருவம் மட்டும். ஹாலந்து நாட்டு விமர்சகர்கள் அதை அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்றார்கள். அமெரிக்காவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கடுத்துப் பதிவு செய்தவற்றைக் கம்பெனி பாதியில் நிறுத்திவிட, அவை 1973இல் ஹாலந்தில் மட்டும் வெளிவந்தன. மிசௌரிக்காரரின் பாட்டைக் கேட்க மிசௌரிக்காரர்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது.

பிறகு 'நோ அதர்'. இதைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம், எழுதினாலும் எழுதுவேன்.

1973இல் பழைய ஐந்து பேரும் கூடி ஒரு பேர்ட்ஸ் ஆல்பம் போட்டார்கள். சவசவ என்று இருந்த அதில் உயிரோடு இருந்தது கிளார்க்கின் பாட்டுகள் மட்டும். அதைக் கவனித்து அசைலம் கம்பெனி முதலாளி டேவிட் கெஃபன் அவரோடு தனி ஒப்பந்தம் போட்டார். தயாரிப்பாளர் தாமஸ் ஜெஃபர்சன் கேய். லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லேஜ் ரெக்கார்டர் ஸ்டூடியோ. ஊரில் இருந்த மிகச் சிறந்த வாத்தியக்காரர்கள், தேவாலயப் பாணியில் பாடும் பெண்கள், அடுக்கடுக்காகக் கிட்டார்கள், கீபோர்டுகள். செலவு 1,00,000 டாலருக்கு மேல் போனது. கடைசியில் கெஃபன் கையில் கிடைத்தது எட்டே எட்டுப் பாட்டு. டேப்பைக் குப்பைத் தொட்டியில் வீசினார் என்று ஒரு கதை உண்டு. வீசினாரோ இல்லையோ, விளம்பரத்துக்குச் செலவு செய்யவில்லை. 1974 செப்டம்பரில் வெளியாகி 144ஆம் இடம் வரை ஊர்ந்தது. இரண்டு வருடத்தில் கடைகளில் கிடைக்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்'. ஆறரை நிமிடம். வார்த்தை வருவதற்கு முன்னால் நெடுநேரம் வெறும் ஹம்மிங்தான். கிட்டத்தட்ட ஆலாபனை. பியானோ ஒரே இடத்தில் இடித்துக்கொண்டே நிற்க, குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். எப்போதடா பாடப்போகிறார் என்று நாம் காத்திருந்து காத்திருந்து அலுக்கும்போது கிளார்க் உள்ளே வருவார். சங்கீதம் தன்னை என்ன செய்கிறது என்பதுதான் பாட்டின் விஷயம். தந்திகளின் வலிமை. அதைச் சொல்கிற குரலில் கர்வமே இருக்காது. கடலுக்கு முன்னால் நிற்பவன் தொண்டை. இதையெல்லாம் ரேடியோவில் மூன்று நிமிடத்துக்கு வெட்டிப் போட முடியாது. கெஃபன் தரப்பில் நின்று பார்த்தாலும் கோபம் புரியத்தான் செய்கிறது. பின்னட்டையைப் பாருங்கள்: பழைய ஹாலிவுட் நடிகர் ஒருவரின் மாளிகையில், கண்ணுக்கு மை தீட்டி, பட்டாடையும் தொளதொளக் கால்சட்டையுமாக கிளார்க். கட்டைக்குரல் மிசௌரிக்காரரை இந்தக் கோலத்தில் யாரிடம் விற்பது?

இங்கே அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தால் ஆல்பத்தின் கதி புரியும். ஸ்டூடியோச் செலவு ஒரு லட்சத்தையும் பாடகரின் பங்கிலிருந்துதான் கழிப்பார்கள். 144ஆம் இடத்துத் தட்டு அதை ஜென்மத்துக்கும் ஈடுகட்டாது. தான் எழுதி மற்றவர் பாடியதில் காசு. தானே பாடியதில் கடன். இதுதான் அவர் வாழ்க்கையின் வரவு செலவு.

அதற்குப் பிறகு அவர் தேறவில்லை என்பார்கள். மனைவி பிரிந்தார். குடி, போதை. 1977இல் ஒரு ஆல்பம், நல்ல ஆல்பம், கவனிக்க ஆளில்லை. 1979இல் மெக்குயின், ஹில்மனோடு ஒரு கூட்டணி. அது ஒரு டிஸ்கோ வாடை அடிக்கும் சமாச்சாரம், விட்டுவிடலாம். 1987இல் கார்லா ஓல்சன் என்ற பாடகியோடு 'சோ ரெபெலியஸ் எ லவர்'. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குரல் கரகரத்து, கீழே இறங்கி, இன்னும் நன்றாக ஆகியிருக்கும். மறு வருடம் அல்சர் முற்றி, அறுவை சிகிச்சையில் வயிற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள்.

1989 ஏப்ரலில் டாம் பெட்டி 'ஃபுல் மூன் ஃபீவர்' என்ற தன் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். பேர்ட்ஸ் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர் அவர். நன்றிக்கடன் மாதிரி 'ஐல் ஃபீல் எ ஹோல் லாட் பெட்டர்' பாட்டை அட்சரம் பிசகாமல் அப்படியே பாடி உள்ளே வைத்தார். அந்த ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றுத் தள்ளியது. இரண்டு சென்ட் இப்போது ஐந்தேகால் சென்ட் ஆகியிருந்தது. அந்த 'அனேகமாக'ப் பாட்டு, எழுதி இருபத்து நான்கு வருடம் கழித்து, கிளார்க்கின் வாழ்க்கையிலேயே பெரிய தொகைகளில் ஒன்றைக் கொண்டுவந்தது. குடியை விட்டுக் கொஞ்சம் நிதானமாக இருந்தவர், கையில் காசு புரண்டதும் பழைய சகவாசத்துக்குத் திரும்பிவிட்டார் என்று நெருங்கியிருந்தவர்கள் சொன்னார்கள். ஏழை வீட்டில் லாட்டரி விழுந்த கதை நமக்குத் தெரியாததா. டாம் பெட்டி செய்தது மரியாதை. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

1991 ஜனவரியில் நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் பேர்ட்ஸை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். கொஞ்ச காலம் முன்புவரை பேர்ட்ஸ் என்ற பெயருக்காக வக்கீல் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரும் அன்று ஒரே மேடையில் நின்று பாடினார்கள். நாலு மாதம் கழித்து, மே 24ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஷெர்மன் ஓக்ஸில் தன் வீட்டில் கிளார்க் இறந்துகிடந்தார். வயிற்றுப் புண்ணில் ரத்தக்கசிவு. வயது 46.

நான் டிப்டனுக்குப் போனது ஒரு சனிக்கிழமை. கான்சாஸ் சிட்டியிலிருந்து ஐம்பதாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் நூறு மைல். அறையில் கூட இருந்த நாமக்கல் தம்பிதான் வண்டி ஓட்டினான்.

"அண்ணே, யாருண்ணே இந்த ஆளு? லீவு நாள்ல சுடுகாடு பாக்கக் கூட்டிட்டு வர்றீங்க."

"பாட்டு எழுதினவருடா."

"நம்ம கேட்டிருப்பமா?"

போன மாதம் அவன் காரில் டாம் பெட்டியின் அந்த ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. "நீயே கேட்டிருக்க" என்றேன். நம்பவில்லை.

ஊருக்குள் நுழையும்போது தண்ணீர்த் தொட்டி ஒன்று தெரியும். பில்லியர்ட்ஸ் மேசை செய்யும் தொழிற்சாலை இருந்த ஊர் என்பதால் அதைக் கருப்புப் பந்து மாதிரி பெயின்ட் அடித்து, நடுவில் வெள்ளை வட்டத்தில் 8 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வானத்தில் அத்தனை உயரத்தில் எட்டு. தம்பி போட்டோ எடுத்தான். எனக்கு எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்தது.

புனித ஆண்ட்ரூ கல்லறைத் தோட்டம் சின்னது. தேடிக் கண்டுபிடிக்கக் கால் மணி ஆயிற்று. சாதாரணக் கல். மேலே யாரோ வைத்துப் போன கிட்டார் பிக் இரண்டு, ஒன்று வெயிலில் வெளுத்திருந்தது. கல்லில் ஹெரால்ட் யூஜின் கிளார்க் என்று பெயர். கூடவே 'நோ அதர்'. முதலாளி குப்பையில் போட்டதாகச் சொல்லப்படும் அந்த ஆல்பத்தின் பெயர். இங்கே மட்டும் எழுத்து பொடியாக இல்லை.

அந்த ஆல்பத்தை 2019இல் 4ஏடி என்ற லண்டன் கம்பெனி தூசி தட்டி, பெட்டி கட்டி வெளியிட்டது. அதற்கு ஐந்து வருடம் முன்னால் பீச் ஹவுஸ் குழுவினர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு எட்டுப் பாட்டையும் வரிசைமாறாமல் ஊர் ஊராக மேடையில் பாடினார்கள். எழுதியவர் செய்யாத சுற்றுப்பயணம்.

திரும்பி வரும்போது தம்பி கேட்டான், "அந்தப் பாட்டு எதுண்ணே, போடுங்க." டாம் பெட்டி பாடியதைப் போடாமல் 1965 பதிவைப் போட்டேன். பல்லவி வந்ததும் ஸ்டீயரிங்கில் தாளம் போட ஆரம்பித்துவிட்டான். செடாலியா தாண்டி மறுபடி கேட்டான். அப்புறம் இன்னொரு தடவை.